கிளை நூலகங்களில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள்: ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஆண்டுத் திட்டம்

வட்டச் செயலர், காவிரிப் படுகை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குச் செயலராக இருக்கிறேன். வரும் ஆண்டில் மாவட்டத்தின் எல்லா நூலகங்களிலும் பெரியவர்களுக்காக என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்தலாம் என்று வாசகர் வட்டங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன்பு, பல ஊர்களின் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்து நிலைமை இது. குழந்தைகளுக்குக் கதைசொல்லல், ஓவியப் போட்டி, கோடை முகாம் என்று ஏதாவது நடக்கிறது. போட்டித் தேர்வு எழுதுவோருக்கு மாதிரித் தேர்வுகள் நடக்கின்றன. இந்த இரு சாராருக்கும் நடுவே இருக்கிற பெருங்கூட்டம், அதாவது வயலுக்கோ கடைக்கோ போய்விட்டு மாலையில் செய்தித்தாள் பார்க்க வருகிறவர்கள், ஓய்வூதியர்கள், வார இதழும் நாவலும் எடுத்துப்போக வரும் பெண்கள் ஆகியோர், நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் தேசிய நூலக வார விழாவில் நாற்காலிகளை நிரப்புவதற்கு அழைக்கப்படுவதோடு சரி. காவிரிப் படுகையில் அந்த வாரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும். சம்பா வயலில் தண்ணீரை வடிய வைக்கிற கவலையில் இருப்பவரிடம் ‘வாசிப்பின் பயன்’ பற்றிய உரைக்கு வாருங்கள் என்று அழைப்பிதழ் நீட்டுகிறோம்.

இத்தகைய நிகழ்ச்சிகளை நூலகத்தின் கூடுதல் வேலை என்று சிலர் கருதுகிறார்கள். சட்டம் அப்படிக் கருதவில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், உள்ளூர் நூலக ஆணைக்குழுவின் (இன்று மாவட்ட நூலக ஆணைக்குழு) பணிகளைச் சொல்லும் இடத்தில், கட்டடம் அமைப்பதற்கும் நூல் வாங்குவதற்கும் அருகிலேயே சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வதையும் வைத்திருக்கிறது. ஆகவே செய்யலாமா என்பது கேள்வியன்று. மாவட்ட மைய நூலகம், முழுநேரக் கிளை, கிளை, ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று இத்தனை தரங்களில் நூலகங்கள் இருக்கும்போது, எதை மாவட்டம் முடிவு செய்வது, எதைக் கிளையிடம் விடுவது என்பதுதான் கேள்வி. இதில் மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஊர்ப்புற நூலகர்

செயலர் அவர்களுக்கு வணக்கம். நான் தனி ஆளாக நூலகம் நடத்துகிறவன். கதவைத் திறப்பது, கூட்டுவது, இதழ்களை அடுக்குவது, நூல் கொடுத்து வாங்குவது, உறுப்பினர் சேர்ப்பது, பதிவேடு எழுதுவது ஆகிய எல்லாமே ஒருவர் வேலை. மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது: இன்ன நாளில் இன்ன தலைப்பில் நிகழ்ச்சி நடத்திப் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்புக. மைய நூலகத்துக்கும் அதே சுற்றறிக்கை, எனக்கும் அதே சுற்றறிக்கை. அவர்களிடம் கூட்ட அரங்கு, ஒலிபெருக்கி, உதவிக்கு ஆள் எல்லாம் உண்டு. என்னிடம் ஓர் அறையும் பன்னிரண்டு நாற்காலிகளும் இருக்கின்றன.

அதனால் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அருகிலுள்ள பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வகுப்பை அழைத்துவந்து உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். பெரியவர்களுக்கான நிகழ்ச்சி என்று தாளில் பதிவாகிறது. படத்தில் சீருடை தெரிகிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. பணமும் அப்படித்தான். பேச வருகிறவருக்கு வழிச்செலவு, ஒரு துண்டு, தேநீர், ஃபிளெக்ஸ் என்று எதைத் தொட்டாலும் செலவு. பெரும்பாலும் வாசகர் வட்டத் தலைவர் கொடுப்பார். அவர் கொடுக்காதபோது நூலகர் கொடுப்பார். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர்ந்தவர்களிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்பதற்கும் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியவை இரண்டே. எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சிகள் என்றாலும் உருப்படியாகச் செய்கிறேன். அடுத்தது, பேச்சாளரைத் தேடும் வேலையை என்னிடம் தராதீர்கள். என் ஊர் மக்களுக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த நாளில் வருவார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆளும் இல்லை, தொலைபேசி எண்களும் இல்லை.

போட்டித் தேர்வு வாசகர்

எங்கள் தரப்பையும் பதிவு செய்ய விரும்புகிறேன். காலை எட்டு மணிக்கு வந்து இரவு எட்டு மணி வரை முழுநேரக் கிளையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கும், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் இந்த மேசையைத் தவிர வேறு இடமில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு மாலையில் நாற்காலிகளை வரிசையாகத் திருப்பிப் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, இரண்டு மணி நேரம் பாராட்டுரைகள் நடத்தினால், எங்கள் எரிச்சல் நியாயமானது அல்லவா?

நாங்களும் பெரியவர்கள்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தேர்வுக்கு வெளியே எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். நேர்காணலுக்கு எப்படிப் பேசுவது, முதல் வேலையில் சேரும்போது வருங்கால வைப்புநிதி என்றால் என்ன, தேர்வு கைகூடாவிட்டால் வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்பவற்றைப் பற்றி ஒருவரும் எங்களிடம் பேசியதில்லை. கடைசியாகச் சொன்னதைக் கேட்க எங்களில் பலர் காத்திருக்கிறார்கள். தாமாக வாய்திறந்து கேட்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற நூலக ஆய்வாளர்

பல ஆண்டுகள் கிளை நூலகங்களைச் சுற்றிப் பார்க்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பணம். தமிழ்நாட்டில் சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகச் சேர்ந்து, உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு வர வேண்டும். வரி மாவட்டத்தின் பொதுக்கணக்கில் சேர்வதால், நகரத்தில் வசூலான பணம் சிற்றூர் நூலகத்துக்குச் செல்ல வழியிருக்கிறது. இந்த அமைப்பின் பெரிய நன்மை அதுதான். உள்ளாட்சிகளிலிருந்து அது உரிய காலத்தில் வந்து சேராதபோது முதலில் வெட்டப்படுவது நிகழ்ச்சிச் செலவு. ஆகவே பெருந்தொகை கேட்கும் திட்டத்தை எழுதினால் அது கோப்போடு நின்றுவிடும். ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சிறிய, நிலையான தொகை ஒன்றை நிர்ணயித்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாக் கிளைகளுக்கும் ஒப்புதல் வாங்கிவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. நூலகர் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு மூன்று மாதம் பற்றுச்சீட்டுடன் அலைகிற நிலை இருக்கும்வரை எந்தத் திட்டமும் நிலைக்காது.

பேச்சாளர் பற்றி ஊர்ப்புற நூலகர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் நாம் பேச்சாளர்களைத் தவறான இடத்தில் தேடுகிறோம். மக்களிடம் போய்ப் பேசுவதையே தம் கடமையாகக் கொண்ட அரசு அமைப்புகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்ட விழிப்புணர்வு முகாம்களை நடத்தியாக வேண்டும். அதற்கு இடமும் கூட்டமும் தேவை. வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி ஆலோசகருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதே தேவை உண்டு. இணையவழி மோசடியில் பணம் இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதைக் காவல்துறையினர் எங்கே சொல்வது என்று இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் எவருக்கும் நாம் மதிப்பூதியம் தர வேண்டியதில்லை. மாவட்ட நூலக அலுவலர் ஒரு கடிதம் எழுதி, ஆண்டு முழுவதற்கும் நாள் வாங்கிவிடலாம். இதையே அறுபது நூலகர்கள் தனித்தனியாகச் செய்ய முயன்றால் அறுபது பேரும் அலுவலக வாசலில் நிற்க வேண்டிவரும்.

அடுத்து, சுற்று. ஐந்து அல்லது ஆறு நூலகங்களை ஒரு பேருந்துத் தடத்தை வைத்து ஒரு தொகுதியாக்குங்கள். வட்ட (தாலுகா) எல்லையை வைத்துப் பிரிக்காதீர்கள். நம் ஊர்களில் ஒரே வட்டத்தின் இரண்டு மூலைகளுக்கு நேரடிப் பேருந்து இருக்காது. ஒரு தலைப்புக்குரியவர் அந்தத் தொகுதியில் வாரம் ஒரு நூலகமாகப் போய்வருவார். இதற்கு வேர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1931-இல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பிய ஏற்பாட்டின் அடிப்படையும் இதுவே: ஊர்கள் நூலைத் தேடி வர முடியாது என்றால் நூல் முறை வைத்து ஊர்களுக்குப் போக வேண்டும்.

நூல் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நடக்கும் நாளில் அந்தத் தலைப்பைச் சார்ந்த பத்து நூல்களாவது அந்த அறையில் இருக்க வேண்டும். சிறுதானிய சாகுபடி பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அது பற்றிய ஒரு நூலும் அலமாரியில் இல்லை என்றால், அந்தக் கூட்டத்தை ஊராட்சி அலுவலகத்திலேயே நடத்தியிருக்கலாம். மைய நூலகத்திலிருந்து ஒரு பெட்டியில் நூல்களை அடுக்கித் தொகுதியின் முதல் நூலகத்துக்கு அனுப்பினால், பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்பாகவே பெட்டி ஒவ்வோர் ஊருக்கும் போய்ச் சேரும்படி செய்யலாம்.

மகளிர் குழு உறுப்பினர்

எங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் பெண்களில் பலர் தாமாக நூலகத்துக்கு வருவதில்லை. மகனோ மகளோ வந்து நூலை மாற்றிப் போகிறார்கள். நிகழ்ச்சிகள் மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு வைக்கப்படுகின்றன. அந்த நேரம் பால் கறப்பதும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதும், இரவுச் சமையலுமாகப் போய்விடும். முற்பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை எங்களுக்கு வசதி. அல்லது பிற்பகல் மூன்று மணி. நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களில் முற்பகலும் முடியாது. பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் எதையும் வைக்க வேண்டாம்.

தலைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களுக்கு என்றாலே தையல், சமையல், அழகுக்கலை என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் குழுவில் அதிகம் கேட்கப்படும் கேள்விகள் பட்டா மாறுதல், அப்பா சொத்தில் பங்கு, நகைக்கடன் வட்டி ஆகியவை பற்றியவை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் வந்து, மேடையில் நின்று உரையாற்றாமல், மேசையருகே உட்கார்ந்து பேசினால் எங்கள் ஊரில் இடம் போதாது.

பாலக்காட்டுத் தமிழர்

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. கேரளத்தில் நூலகங்கள் பெரும்பாலும் ஊர்மக்களின் குழுவால் நடத்தப்படுபவை. அரசு நேரடியாக நடத்துவதில்லை. பி.என். பணிக்கர் தொடங்கி வளர்த்த கிரந்தசாலை (நூலக) இயக்கத்தின் வழியில் வந்தவை அவை. மாநில நூலகக் கவுன்சில் ஆண்டுதோறும் அவற்றைத் தரம்பிரித்து, தரத்துக்கு ஏற்ப மானியம் தருகிறது. நூல்களின் எண்ணிக்கையோடு, அந்த ஆண்டில் நூலகம் என்ன செய்தது என்பதும் பார்க்கப்படுகிறது. ஆகவே நூலகத்தோடு ஒட்டி மகளிருக்கும் சிறுவருக்கும் முதியோருக்கும் தனித்தனி மன்றங்கள் உண்டு. வீட்டைவிட்டு வர இயலாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நூலை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

நன்மை இருக்கிற இடத்தில் குறையும் இருக்கிறது. தரம் பிரிக்க வருகிற மாதம் நெருங்கும்போது, விட்டுப்போன நிகழ்ச்சிகளை அவசரமாக நடத்திப் பதிவேட்டை நிரப்பும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கைக்கு மதிப்பெண் தந்தால் எண்ணிக்கை மட்டும் வரும். உங்கள் மாவட்டத் திட்டத்தில் ‘இத்தனை நிகழ்ச்சிகள் கட்டாயம்’ என்று எழுதுவதற்கு முன்பு இதை யோசிக்க வேண்டும். அதற்கு மாறாக, ஊர்க்குழு தானே முடிவெடுக்கிறது என்ற உரிமை உணர்வை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வாசகர் வட்டத்தைப் பெரும்பாலும் செலவு ஏற்கும் அமைப்பாகவே வைத்திருக்கிறீர்கள்; முடிவெடுக்கும் அமைப்பாக வைக்கவில்லை.

சிங்கப்பூர் வாசகர்

இங்குள்ள முறை நேர் எதிரானது. தேசிய நூலக வாரியம் ஒன்றே எல்லா நூலகங்களையும் நடத்துகிறது. 2005-இல் அது ‘வாசிப்போம் சிங்கப்பூர்’ இயக்கத்தைத் தொடங்கி, தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்து, நாடு முழுவதும் ஒரே காலத்தில் படிக்கவும் பேசவும் வைத்தது. நூலகத்துக்கு வராதவர்களிடம், டாக்சி ஓட்டுநர்கள் போன்றவர்களிடம், நூலகம் போய்ச் சேர முயன்றது. மையப்படுத்திய திட்டத்தின் வலிமை அதில் தெரிந்தது. விளம்பரம், அச்சு, நூல் படிகள் எல்லாம் ஓரிடத்திலிருந்து வந்ததால் கிளைக்குப் பாரம் குறைந்தது.

ஆனால் இங்கே ஆண்டுக்கணக்கில் நின்று நிலைத்தவை, நூலகத்தில் இடம் பெற்றுக்கொண்டு வாசகர்களே நடத்திவந்த சிறு வட்டங்கள்தாம். மாதம் ஒரு முறை, ஒரே இடம், ஒரே நேரம் என்ற ஒழுங்கு மாறாமல் இருந்தால், யார் வந்தாலும் வராவிட்டாலும் அது தொடரும். சிறப்பு விருந்தினரை நம்பிய கூட்டம் அவர் வராத மாதத்தில் நின்றுபோகும்.

சிற்றிதழ்க்காரர்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். பட்டா, வைப்புநிதி, மோசடி எண், சிறுதானியம் என்று போகிறது. எல்லாமே தேவைதான், ஆனால் இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையமும் வேளாண் அலுவலகமும் இருக்கின்றன. இலக்கியத்துக்கு ஊரில் நூலகத்தைவிட்டால் வேறு இடம் எது? சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் ‘பொன்மாலைப் பொழுது’ என்று எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேச வைக்கிறார்கள். மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டம் வருகிறது. பெருநகரத்து வாசகருக்குக் கிடைப்பது ஊர்ப்புற வாசகருக்கு வேண்டாம் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோமோ என்று ஐயமாக இருக்கிறது.

ஊர்ப்புற நூலகர்

சிற்றிதழ்க்காரர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ‘பொன்மாலைப் பொழுது’ போன்ற ஒன்றை என் அறையில் நடத்த முடியாது. நடத்தினால் அதன் நகலாக மட்டுமே இருக்கும். அந்த மாதிரியை மைய நூலகம் எடுத்துக்கொள்ளட்டும். எனக்குப் பொருந்துவது வாசித்துக் காட்டுவது. ஒரு சிறுகதையை ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு விரும்பியவர் பேசுவார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம், பேச்சாளரும் வேண்டாம். திண்ணையில் பாரதம் படித்ததையும், படிப்பகங்களில் ஒருவர் நாளிதழை வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதையும் எங்கள் ஊர் மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கண்பார்வை மங்கியதால் படிப்பதை நிறுத்திவிட்டவர்களும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்குகிறவர்களும் இதற்கு வருவார்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. படியெடுத்துக் கொடுப்பதிலும் சிக்கல் இல்லை.

சிற்றிதழ்க்காரர்

அப்படியென்றால் நான் உங்கள் பக்கம். கதைகளைத் தேர்ந்து பட்டியல் தருவதை என்னிடம் விடுங்கள். உரக்க வாசிக்கும்போது நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற கதைகளாகவும், பேச்சுமொழி தெளிவாக இருக்கிற கதைகளாகவும் பார்த்து எடுக்க வேண்டும். நல்ல கதைகள் எல்லாமே வாசிக்கக் கேட்பதற்கு ஏற்றவை அல்ல.

வட்டச் செயலர், காவிரிப் படுகை

எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்த கருத்துகளைக் கொண்டு நான் எழுதிக் கொடுக்கப் போவதன் வரைவை இங்கே வைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஒரே தலைப்பை ஒரே நாளில் எல்லா நூலகங்களிலும் நடத்தும் வழக்கத்தை, நூலக வார விழாவையும் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தையும் தவிர்த்து, கைவிடும்படி கேட்கப் போகிறேன். எல்லா வயிற்றுக்கும் ஒரே அளவில் பரிமாறும் பந்தி போல அது நடந்து வருகிறது. அதற்குப் பதிலாக, மாவட்டம் ஒரு தலைப்புப் பட்டியலைத் தயாரிக்கும்; ஒவ்வொரு தலைப்புக்கும் உரியவர், அவர் வரக்கூடிய மாதங்கள், உடன் வரும் நூல் பெட்டி ஆகியவை முன்பே உறுதி செய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிளையும் தன் வாசகர் வட்டத்தைக் கூட்டி, பட்டியலிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால் எழுதிக் கேட்கலாம். நாளையும் நேரத்தையும் கிளையே முடிவு செய்யும், ஏனென்றால் எங்கள் ஊரில் நடவு எப்போது, பக்கத்து ஊரில் தேர் எப்போது என்பது மாவட்டத் தலைநகரத்தில் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பெண்களுக்கான நிகழ்ச்சி எதுவும் மாலையில் வைக்கப்படாது.

எண்ணிக்கையில் தரத்துக்குத் தரம் வேறுபாடு இருக்க வேண்டும். மைய நூலகத்துக்கு மாதந்தோறும் ஒன்று, முழுநேரக் கிளைக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஊர்ப்புற நூலகத்துக்கு ஆண்டுக்கு நான்கு என்று எழுதுகிறேன். பாலக்காட்டு நண்பர் எச்சரித்ததை மனத்தில் கொண்டு, இவற்றை உச்ச அளவாகவே குறிப்பிடுகிறேன். வாசித்துக் காட்டும் கூட்டம் இந்தக் கணக்கில் சேராது. விரும்பும் நூலகம் மாதம் ஒரு முறை ஒரே கிழமையில் வைத்துக்கொள்ளலாம். பகுதிநேர நூலகங்களை எதற்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. அருகிலுள்ள கிளையின் நிகழ்ச்சி அறிவிப்பை அங்கே ஒட்டினால் போதும்.

நவம்பரை முழுக்க விட்டுவிடவும் மனமில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம் அது. கைப்பேசியில் முகத்தைக் காட்டி அதைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. நூலக வார விழாவில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கி, கைப்பேசி பழகிய இளைய வாசகர் சிலரை உட்கார வைத்தால், மழையில் நனைந்தாவது முதியவர்கள் வருவார்கள்.

அறிக்கை பற்றியும் எழுதுகிறேன். புகைப்படத்தையும் வருகைக் கையெழுத்தையும் கேட்பது நிற்காது என்று தெரியும். அவற்றோடு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: நிகழ்ச்சிக்கு அடுத்த மாதத்தில் அந்தப் பெட்டியிலிருந்து எத்தனை நூல்கள் இரவலாகப் போயின? இரவல் பதிவேட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்த நூலகத்தில் அந்த எண் தானாகவே பேசும்.

ஓய்வுபெற்ற நூலக ஆய்வாளர்

வரைவு நன்றாக இருக்கிறது. மூன்று திருத்தங்கள் சொல்கிறேன். இரவல் எண்ணிக்கையைத் தரவரிசைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நூல் போகாமலே பதிவேட்டில் போய்விடும். அந்த எண், அடுத்த ஆண்டு எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று மைய நூலகம் தீர்மானிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, கிளைகளின் தேர்வு பிப்ரவரி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஒப்புதலுக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் மார்ச் மாதம் தேவைப்படும். மூன்றாவது, நாளை முடிவு செய்யும்போது, பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை வெளித்துறைகளுக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அவர்கள் தம் வசதிக்கு வெள்ளிக்கிழமையைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்ற முடியாது என்று சொன்ன அனுபவம் உண்டு.

போட்டித் தேர்வு வாசகர்

எங்கள் வேண்டுகோளையும் வரைவில் சேர்க்க வேண்டும். மாத நிகழ்ச்சிப் பட்டியலை முதல் தேதிக்கு முன்பாகவே வாசலில் ஒட்டிவிட்டால், அந்த நாளில் நாங்கள் மாடியிலோ பின்பக்க அறையிலோ உட்கார்ந்துகொள்வோம். தேர்வாணையத்தின் தேர்வுக்கு முந்திய இரண்டு வாரங்களில் முழுநேரக் கிளைகளில் எதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் நாற்காலி போடுவதற்கும், வருகிறவர்களுக்கு இணையத்தில் பட்டா விவரம் எடுத்துக் காட்டுவதற்கும் எங்களில் நாலைந்து பேர் வரத் தயாராக இருக்கிறோம். முன்பு கேட்ட மாற்று வேலைவாய்ப்பு பற்றிய நிகழ்ச்சியை மட்டும் பட்டியலில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

வட்டச் செயலர், காவிரிப் படுகை

சேர்த்துவிட்டேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் மாவட்டத் தொழில் மையத்தையும் அந்தத் தலைப்புக்கு உரியவர்களாகக் குறித்திருக்கிறேன். தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் என்பதும், வெள்ளிக்கிழமை பற்றிய குறிப்பும், பிப்ரவரிக் கெடுவும் திருத்திய வரைவில் இருக்கின்றன. சிற்றிதழ்க்காரர் கதைப் பட்டியலை அனுப்பியதும் அதையும் பின்னிணைப்பாக வைத்து, எங்கள் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் கையெழுத்து வாங்கி மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுக்கிறேன்.